இரண்டு முத்துக்களின் கணக்கு

நம்மவர் இல்லத்தில் முதியவர் ஒருவர் மறைந்துவிட்டால், கருமாதிக்கு முன்னரே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்துவிடுகின்றது. முகப்பில் படம், படத்தின் கீழே தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள், அவற்றின் கீழே உழைப்பால் உயர்ந்தவர், குடும்பத்தைக் கட்டிக் காத்தவர், ஊரார் மெச்ச வாழ்ந்தவர் என்னும் வாசகங்கள், இறுதியில் மக்கள், மருமக்கள், பேரன் பேத்தியர் பெயர்கள். படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால், ஒரு வீட்டுப் பிரசுரம் அடுத்த வீட்டுக்கும் குறைவின்றிப் பொருந்தும். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் இம்மண்ணில் நடமாடிய ஒரு மனிதரைக் குறித்து அவர் பெற்ற மக்கள் சொல்லக் கூடியது இவ்வளவுதானோ?

இறந்தவரைப் பழித்தல் நம் நோக்கமன்று. துக்க வீட்டில் குறை கூறுதல் பண்பும் அன்று. ஆயினும் புகழ்ச்சி வேறு, நினைவு வேறு. புகழ்ச்சிக்கு நல்ல சொற்கள் போதும்; நினைவுக்கோ உண்மை வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவர் என்ன சேர்த்தார் என்பதோடு, யார் கையிலிருந்து வாங்கிச் சேர்த்தார் என்பதையும் எழுதினாலன்றி அவர் சரித்திரம் பாதிச் சரித்திரமே யாகும். இதனை எனக்குக் கற்பித்தது ஓர் ஆங்கில நாவல். சீன நாட்டுக் குடியானவன் ஒருவனுடைய நெடிய வாழ்க்கையைக் கூறும் அந்நூலை, நம் தோட்டத்து மக்களும் பட்டணத்து மக்களும் அறிந்துகொள்ளுதல் நலமென்று கருதி இதனை எழுதலானேன்.

நூலின் பெயர் ‘தி குட் எர்த்’. நல்ல பூமி என்பது பொருள். ஆசிரியை பேர்ல் எஸ். பக் 1892இல் அமெரிக்காவில் பிறந்தவர். பாதிரியாரான தந்தையோடு கைக்குழந்தையாகவே சீனத்திற்குச் சென்று, ஆங்கிலத்தோடு சீன மொழியையும் பேசி வளர்ந்தவர். 1917இல் விவசாயப் பொருளாதாரம் பயின்ற ஒருவரை மணந்து, ஆன்ஹுய் மாகாணத்தில் வறிய உழவர்களின் நடுவே சில ஆண்டுகள் வசித்தார். அங்கே கண்டதும் கேட்டதுமே இந்நாவலுக்கு வித்து. நூல் 1931இல் வெளிவந்தது. 1932இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1938இல் ஆசிரியைக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் 1973இல் காலமானார்.

கதை ஒரு கலியாண நாளின் விடியலில் தொடங்குகிறது. வாங் லுங் என்னும் ஏழை உழவன் அன்று உடம்பு முழுவதும் நனைய வெந்நீரில் குளிக்கிறான். கிழத் தந்தைக்குக் கொடுக்கும் வெந்நீரில் சிறிது தேயிலையும் இடுகிறான். நீரும் தேயிலையும் வீணாகின்றனவே என்று கிழவர் முணுமுணுக்கிறார். இவ்வொரு காட்சியிலேயே அக்குடும்பத்தின் வறுமை முழுவதும் நமக்கு விளங்கிவிடுகிறது. மணமகள் ஓ லான், ஹுவாங் என்னும் பெருஞ்செல்வர் மாளிகையில் அடிமையாக இருந்தவள். பஞ்ச காலத்தில் பத்து வயதிலே பெற்றோரால் விற்கப்பட்டவள். அழகில்லாதவள், அதிகம் பேசாதவள். அந்நாளைய வழக்கப்படி துணியால் இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கப்படாத பெரிய பாதங்கள் அவளுக்கு. வாங் லுங்குக்கு முதலிற் சிறிது ஏமாற்றந்தான். ஆனால் அப்பாதங்களே பின்னர் வயலில் அவனோடு நின்று அவனை நிலமுள்ளவனாக ஆக்குகின்றன.

அந்தக் கலியாண நாள் முதல், தள்ளாடும் கிழவனாய்ச் சவப்பெட்டியையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாள் வரை அவன் வாழ்க்கை முழுவதையும் இந்நூல் சொல்லுகிறது. இத்தனை நெடிய வாழ்க்கையை எழுதிய ஆசிரியை ஓரிடத்திலேனும் ஆண்டைக் குறிப்பிடவில்லை. விளைந்த வருஷம், மழை பொய்த்த வருஷம், வெள்ளம் வந்த வருஷம், வெட்டுக்கிளி வந்த வருஷம் என்பனவே அவன் பஞ்சாங்கம். நாட்டிலே புரட்சி நடக்கிறது. அவனுக்கு அது தூரத்தில் எங்கோ எழும் சத்தம். எந்த அரசன் போனான், எந்தக் கட்சி வந்தது என்பதினும், கோதுமை கதிர் விட்டதா என்பதே அவனுக்குப் பெரிய செய்தி. நாட்டுப்புறத்து முதியவர் ஒருவர் தம் வாழ்நாளை எவ்வாறு எண்ணிப் பார்ப்பாரோ, அவ்வாறே எழுதப்பட்டிருப்பது இந்நூலின் முதற் சிறப்பு. நம் பாட்டன்மாரும் தாம் பிறந்த தேதியை அறியார். எந்த மரம் நட்ட காலம், எந்தத் துரை இருந்த காலம் என்றுதானே சொல்லுவார்கள்?

இடையிலே கொடிய பஞ்சம் வருகிறது. உழவு மாட்டைக் கொன்று தின்கிறார்கள். வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். நிலத்தை மாத்திரம் விற்க மறுக்கிறான் வாங் லுங். பிழைப்பதற்காகத் தென்திசை நகரொன்றுக்குப் போய், அவன் ரிக்‌ஷா இழுக்கிறான். ஓ லான் பிள்ளைகளோடு தெருவில் பிச்சை எடுக்கிறாள். 1947 வரை சிங்கப்பூர்த் தெருக்களில் கைரிக்‌ஷா இழுத்துத் தேய்ந்துபோன சீனத் தொழிலாளரை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் ஊரிலே ஒரு துண்டு நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடினார்களோ!

நகரில் ஒருநாள் கலகம் மூள்கிறது. கூட்டம் ஒரு செல்வர் மாளிகையை உடைத்துக்கொண்டு நுழைகிறது. அக்கூட்டத்தில் அகப்பட்ட வாங் லுங்குக்குச் சிறிது பொன் கிடைக்கிறது. ஓ லானுக்கோ, சுவரில் அசைந்த செங்கல்லின் பின்னே ஒளித்து வைத்த இரத்தினங்கள் கிடைக்கின்றன. செல்வர் வீட்டில் அடிமையாக இருந்தவள் அல்லவா? அவர்கள் நகைகளை எங்கே ஒளிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவற்றை மார்புக்குள்ளே மறைத்து வைத்திருந்து, ஊர் திரும்பிய பின்னர்க் கணவன் கண்டு கேட்டபோது முழுவதையும் கொடுத்துவிடுகிறாள். சிறிய வெண்முத்துக்கள் இரண்டை மாத்திரம் தனக்கென்று கேட்கிறாள். அணிவதற்கல்ல, எப்போதாவது எடுத்துப் பார்ப்பதற்கு. எஞ்சிய மணிகளைக் கொடுத்து ஹுவாங் குடும்பத்தின் நிலங்களை வாங்குகிறான் வாங் லுங். அன்று முதல் அவன் பெரிய மனிதன்.

இனி வருவதே நூலின் உயிர்நாடி. செல்வம் வந்தது, வெள்ளத்தால் சில காலம் வயலில் வேலை இல்லாமற் போயிற்று, தேநீர்க் கடைக்குச் செல்லும் பழக்கம் வந்தது, அங்கே தாமரை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் இளம் பெண்ணின் மயக்கமும் வந்தது. ஒருநாள் ஓ லான் குளத்தருகே துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். வாங் லுங் வந்து அவ்விரண்டு முத்துக்களையும் கேட்கிறான். அவள் மார்பிலிருந்து அந்தச் சிறு முடிப்பை எடுத்துக் கொடுக்கிறாள். அவன் போன பின்பு மறுபடியும் துணியை அடிக்கத் தொடங்குகிறாள், கண்ணீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளவும் அவள் கையை எடுக்கவில்லை.

அவ்வளவுதான். ஆசிரியை அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. நம் நாடக மேடையாயின் இவ்விடத்தில் பத்தினியின் புலம்பலாக ஒரு பாட்டு நிச்சயம். கணவனுக்கு ஒரு சாபமும் உண்டு. நம் தொடர்கதை ஆசிரியராயின் பெண்மையின் பொறுமை என்று அரைப்பக்கம் பிரசங்கம் செய்திருப்பார். இங்கே துணி அடிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. அதனாலேயே நூலை மூடிய பின்னும் அது நம் காதை விட்டு அகலுவதில்லை.

இம்முத்துக்களை ஆசிரியை மறந்துவிடவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். ஓ லான் நோயுற்றுக் கிடக்கிறாள். நிலத்தை விற்றேனும் அவளைக் காப்பாற்ற வாங் லுங் முன்வருகிறான், அவளே தடுத்துவிடுகிறாள். தான் போனாலும் நிலம் இருக்கும் என்பது அவள் எண்ணம். அவளைத் தன் நிலத்திலேயே புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில், அம்முத்துக்களைப் பறித்திருக்க வேண்டாமே என்று அவன் நெஞ்சு வலிக்கிறது. இன்னொருத்தி காதில் அவற்றை இனிக் காணவும் மனம் பொறுக்காது என்று எண்ணுகிறான். ஆனால் அதை எவரிடமும் அவன் சொல்லவில்லை. மக்களுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அவனுடைய நினைவுப் பிரசுரத்தை அம்மக்கள் எழுதியிருந்தால் முத்துக்கள் அதில் வந்திரா.

1937இல் இந்நாவலை ஹாலிவுட்டில் படமாக்கினார்கள். ஓ லானாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு அக்காடமி விருதும் கிடைத்தது. அப்படத்தில், ஓ லான் இறக்கு முன்னரே வாங் லுங் அம்முத்துக்களை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! பார்ப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன அமைதியோடு வீடு திரும்பலாம். நாவலைப் படித்தவருக்கு அந்த அமைதி கிடையாது. வாழ்க்கையிலே பெரும்பாலும் முத்துக்கள் திரும்பி வருவதில்லை என்பதை ஆசிரியை அறிவார். நம் துண்டுப் பிரசுரங்கள் செய்வதும் அந்தப் படம் செய்த காரியமே. இறந்தவர் பட்ட கடனை அவர் சார்பில் நாமே தீர்ந்ததாக எழுதிவிடுகிறோம்.

முத்துக்கள் ஒன்றோடு கணக்கு முடியவில்லை. சிங் என்னும் அயலான் ஒருவன் உண்டு. பஞ்சத்தின் உச்சியில் ஒரு கைப்பிடி அவரையைக் கொடுத்து, பிள்ளைப்பேறு நெருங்கிக் கிடந்த ஓ லானின் உயிரை நிறுத்தியவன். பின்னர் வாங் லுங்கின் வயல்களையெல்லாம் மேற்பார்த்து, உழைப்பிலேயே உயிரை விட்டவன். அவனைக் குடும்ப இடுகாட்டுக்குள்ளே புதைக்க வாங் லுங் விரும்புகிறான். மக்கள் மறுக்கிறார்கள், ஆகவே வாயிலருகே, சுவருக்கு வெளியே இடம் கிடைக்கிறது. பெரிய குடும்பங்களின் சரித்திரத்திலே வேலையாளுக்குக் கிடைக்கும் இடம் எந்த நாட்டிலும் அதுதான் போலும். மூத்த மகள் அறிவு வளராத குழந்தை. அவளை வாங் லுங் கடைசி வரை கைவிடவில்லை. தனக்குப் பின் அவளுக்கு யார் துணை என்பதே அவன் முதுமையின் பெருங்கவலை. ஆசிரியையின் சொந்த மகளும் அத்தகைய குழந்தையே என்பதும், அதைப்பற்றி அவர் 1950இல் வெளிப்படையாக ஒரு நூல் எழுதினார் என்பதும் தெரிந்தால், இப்பகுதிகளின் உருக்கத்திற்குக் காரணம் விளங்கும்.

நூலிலே குறைகள் இல்லாமலில்லை. மாளிகைக்குக் குடி புகுந்த பின்னர்க் கதை தளர்கிறது. மக்களின் சச்சரவுகள் ஒன்றைப்போல் ஒன்று வருகின்றன. ஓ லானின் மனத்துக்குள் நாம் ஒருமுறையேனும் நுழைய முடிவதில்லை; அவளை எப்போதும் கணவன் கண்ணாலேயே காண்கிறோம். இதை நான் நெடுநாள் பெருங்குறையென்றே கருதியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவன் கவனியாத இடமெல்லாம் அவள் வாழ்ந்த இடம் என்பதை அந்த மௌனமே நமக்குத் தெரிவிக்கிறது.

வேறொரு கண்டனமும் எழுந்தது. கியாங் காங் ஹு என்னும் சீன அறிஞர் 1933இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் இந்நூலைக் கண்டித்தார். உழவரும் வேலையாட்களும் தொகையிலே பெரும்பான்மையோராக இருக்கலாம். ஆயினும் சீன மக்களின் பிரதிநிதிகள் அவர்களல்லர் என்பது அவர் வாதம். பெரும்பான்மையோர் பிரதிநிதிகள் அல்லரென்றால் வேறு யார்தான் பிரதிநிதிகள் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். அந்நிய நாட்டவர் ஒருவர் எழுதியதில் பிழை இருக்கலாம். அதைச் சுட்டிக் காட்டும் உரிமையும் சீனருக்கு உண்டு. ஆனால் படித்தவரும் பதவியில் இருந்தவருமே ஒரு சமூகத்தின் சரித்திரத்துக்கு உரியவர் என்னும் வாதத்தை, பால்மரக் காட்டில் பிறந்த நாம் ஒப்புக்கொள்ளலாமா?

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இந்நாவலைப் பள்ளியில் ஆங்கிலத்திலே பரீட்சைக்காகப் படித்தேன். வாங் லுங்கின் குணங்கள் யாவை என்று கேட்டதற்கு ஐந்து குணங்களை எழுதி மதிப்பெண் பெற்றேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது என் பாட்டனார் தமது 91ஆம் வயதில் மறைந்த பிறகுதான்.

நான் தோட்டத்துக் கிராணி. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் நினைவுப் பிரசுரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாட்டனார் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது, கம்பத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம் வாங்கி, மாடு வளர்த்துப் பால் விற்று, ஆறு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். ‘தன் ஒரு கையால் தேடிய நிலம்’ என்று எழுதினேன். எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் தலையசைத்தார்கள். எழுத்தறியாத என் அத்தை மட்டும் கேட்டார்:

“தம்பி, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே. எங்கம்மாவோட கல்தோட்டைப் பத்தி ஒண்ணும் வரலையே?”

அப்போதுதான் அறிந்தேன். நிலத்துக்கு முன்பணம் கட்ட ஒரு மாதத் தவணை. பாட்டனார் அடுப்படி வாசலில் நின்று கேட்டாராம். பாட்டியார் சோறு வடித்துக்கொண்டிருந்தவர், கஞ்சி சிந்தாமல் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு தோடுகளையும் கழற்றிக் கொடுத்தாராம். அவை அடகுக் கடையிலிருந்து திரும்பவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மாடு கறந்தவரும் பாட்டியார்தான். நிலப் பட்டாவில் உள்ள பெயரோ பாட்டனார் பெயர் ஒன்றே. சிறுவயதில் பாட்டியாரின் காதுத் துளையில் எப்போதும் ஓர் ஈர்க்குத் துண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவருக்குப் பிடித்த அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று, தோடு திரும்பி வரும் நாளுக்காக, நாற்பது ஆண்டுகள் அதைச் செருகி வைத்திருந்தார் என்பதை அன்று அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதைப் பிரசுரத்தில் எழுதலாமென்றேன். பெரியவர் பெயருக்கு அது குறைவென்றார்கள் வீட்டார். அச்சகத்தில் ஆள் காத்திருந்தான். நானும் அஞ்சி, எழுதியபடியே அச்சிடக் கொடுத்துவிட்டேன். அன்றாடம் செக்ரோலில் பிறர் உழைத்த நாட்களைப் பிசகின்றிப் பதியும் கை, சொந்தப் பாட்டியாரின் உழைப்பைப் பதியாமல் விட்டது. இக்கட்டுரை ஓரளவு அந்தப் பிழைக்குத் திருத்தம் என்று நேயர்கள் கொள்ளலாம்.

பாட்டனார் கொடியவரல்லர். அந்நிலத்தை வாங்காதிருந்தால் அக்குடும்பம் எங்கே நின்றிருக்கும்? அவர் அந்தத் தோட்டை நினைத்து வருந்தினாரா, மறந்தே போனாரா என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. வாங் லுங்கையும் ஆசிரியை கொடியவனாகக் காட்டவில்லை. உழைப்பாளி, பெற்றோரைப் பேணுபவன், ஊனக் குழந்தையிடம் உருகுபவன். அவனே முத்துக்களையும் பறித்தவன். இரண்டும் ஒரே மனிதனிடத்தில் இருந்தன என்று எழுதும்போதுதான் அவன் உயிருள்ளவனாய் நம் முன் எழுந்து நிற்கிறான். முன்னதை மட்டும் எழுதினால் சுவரில் மாட்டிய படமே மிஞ்சும்.

நூலின் முடிவை நம்மவர் அவசியம் படித்தல் வேண்டும். கிழவனாகிய வாங் லுங் பழைய மண்வீட்டுக்குத் திரும்பி, தன் தந்தை உட்கார்ந்திருந்ததைப் போலவே வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். மக்கள் வயலில் நடந்துகொண்டே நிலத்தை விற்பதைப் பற்றிப் பேசுவது அவன் செவியில் விழுகிறது. நிலத்தை விற்றால் குடும்பம் முடிந்ததென்று கதறுகிறான். விற்கமாட்டோம் என்று இரு பக்கமும் அவனைத் தாங்கிக்கொண்டு சமாதானம் சொல்லும் மக்கள், அவன் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிகிறார்கள். 1932இல் வெளிவந்த ‘சன்ஸ்’ என்னும் அடுத்த நாவலில் அந்நிலம் மெல்ல மெல்லக் கைமாறுகிறது.

நில ஆசை நமக்கும் புதியதன்று. சுதந்திரத்துக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முடியும் என்று 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாறு சேர்ந்த பணத்தில் எத்தனை வீட்டுத் தோடுகளும் அட்டிகைகளும் கலந்திருக்கும் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

எங்கள் இரண்டு ஏக்கரைப் பற்றியும் இப்போது பேச்சு நடக்கிறது. வீடு கட்டி விற்போர் நல்ல விலை கேட்கிறார்கள். விற்கக் கூடாதென்று கூறும் துணிவு எனக்கில்லை. சம்பளக்காரனாகிய எனக்கும் கடன் உண்டு. ஆனால் சென்ற மாதம் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் கூடியிருந்த இடத்தில், ஈர்க்குத் துண்டின் கதையை அத்தையைக் கொண்டே சொல்லச் செய்தேன். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. சிரித்தவரும் ஒருவருமில்லை.

ஆகவே, நேயர்களே, இனி உங்கள் இல்லத்தில் பெரியவர் ஒருவருக்கு நினைவுப் பிரசுரம் எழுத நேர்ந்தால், அச்சகத்திற்கு ஓடுமுன் அடுப்படிக்குச் செல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மூதாட்டியரிடம் வாசித்துக் காட்டுங்கள். எது விட்டுப்போயிற்று என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அஞ்சாமல் எழுதுங்கள். நான் அஞ்சியது போல் அஞ்சாதீர்கள்.